மரக்காணம் ரோட்டில் நாலு விரல்

போன வாரம் எங்கள் தெருவில் குடியிருக்கும் போலீஸ்காரர் ஒருவர் ஒரு சுற்றறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். வாடகை வண்டிகளைச் சோதிக்கிறவர்கள் கதவைத் திறந்து, உள்ளே குனிந்து பார்த்து, ஆட்களைத் தாங்களே எண்ண வேண்டும், ஓட்டுகிறவர் சொல்வதைக் கேட்டு எழுதக் கூடாது என்று அதில் கண்டிருந்தது. “இதுக்கெல்லாம் ஒரு ஆர்டரா சார்? வெயில்ல நின்னுக்கினு ஒவ்வொரு கதவா தொறக்கறது ஒரே பேஜாரு. உங்க காலத்துல இன்னா பண்ணீங்க?” என்று கேட்டார்.

என்ன செய்தோம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுகிறேன்.

நான் போலீசில் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில். ஆறு மாதக் கவாத்தில் இடது கால் எது, வலது கால் எது என்று கற்றுக்கொண்டேன். விழுப்புரம் ஜங்ஷனில் கூட்டம் விலக்கினேன், திண்டிவனத்தில் சந்தைக் காவல் நின்றேன். பிறகு மோட்டார் செக்கிங் என்று மரக்காணம் ரோட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே கழிந்தது எட்டு வருஷம்.

அந்த நாளில் மரக்காணத்துப் பக்கம் கடற்கரையில் நாலைந்து பங்களாக்கள் இருந்தன. பட்டணத்து வக்கீல்களும் பெரிய மண்டிக்காரர்களும் கோடையில் காற்று வாங்க வருவார்கள். பங்களா இல்லாதவர்கள் காலையில் வந்து கடலில் குளித்து, சவுக்குத் தோப்பில் கட்டுச்சோறு தின்றுவிட்டுப் பொழுதோடு திரும்புவார்கள். இவர்களை ஏற்றிப்போகத் திண்டிவனம் ஸ்டேஷன் வாசலில் கார்கள் காத்திருக்கும். வாடகைக்கு ஓட்ட லைசென்ஸ் உள்ள வண்டி இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் யாரோ ஒரு பெரிய மனிதரின் சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான வண்டி. ஊரில் அதைப் ‘பிளஷர்’ என்பார்கள்.

நிறுத்திக் கேட்டால், உள்ளே இருக்கிற அத்தனை பேரும் முதலாளிக்குச் சொந்தக்காரர்கள். ஒருமுறை தொப்பி வைத்த பாய் ஒருவர், குடுமி வைத்த ஐயர் ஒருவர், கையில் பைபிளோடு ஒரு டீச்சரம்மா, மூவரும் ஒரே வண்டியில் இருந்தார்கள். வண்டி முதலாளி ரெட்டியார் எங்களுக்குச் சித்தப்பா முறை என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். நாங்கள் கைநீட்டி வாங்கினோம் என்று நினைப்பீர்கள். என் விஷயத்தில் அதுகூட இல்லை. சோம்பல், வெயில், மேலே இருந்தவரின் சுபாவம். அவ்வளவுதான்.

மேலே இருந்தவர் சப்-இன்ஸ்பெக்டர் வரதராஜுலு. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். கான்ஸ்டபிளைக்கூடப் பேர் சொல்லி, அதன் கடைசியில் ஒரு ‘அப்பா’ சேர்த்துத்தான் கூப்பிடுவார். பனந்தோப்பு முடிந்து உப்பளம் கண்ணில் படத் தொடங்கும் இடத்தில், ஒரு பூவரச மரத்தடியில் எங்கள் செக்கிங். அவருக்கு ஒரு மடக்கு நாற்காலி, எனக்கு ஒரு தண்ணீர்ப் பானை. தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டதும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்து, முதலில் வலது சில்லு, அப்புறம் இடது சில்லு என்று துடைப்பார். வண்டி போய்ப் புழுதி அடங்கிய பிறகுதான் மறுபடி மாட்டுவார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு இரண்டு கஜத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அதனால் லைசென்ஸ் இல்லாத வண்டியை நான் பார்க்கவில்லை என்று எந்த அதிகாரி முன்னாலும் அவரால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியும். அந்த மனிதர் பொய்யே பேசியதில்லை.

அங்கே எங்களுக்கு ஒரு நோட்டு உண்டு. முன்பு ஒரு கோடையில் கடலில் குளிக்கப் போன ஒருவர் திரும்பாதது இரண்டு நாள் வரை யாருக்கும் தெரியாமல் போயிற்று. அதிலிருந்து, கடற்கரைக்குப் போகும் வண்டியின் நம்பர், மணி, போன ஆட்கள் எத்தனை, வந்த ஆட்கள் எத்தனை என்று எழுதி வைக்க உத்தரவு. எண்ணிக்கை குறைந்தால் உடனே மீனவர் குப்பத்துக்கு ஆள் அனுப்பித் தேட வேண்டும். நல்ல உத்தரவுதான். ஆனால் வண்டியை நிறுத்தினால் லைசென்ஸைக் கேட்டாக வேண்டும். ஓட்டுகிறவனுக்கும் நின்ற வண்டியைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்புவது வேலை. ஆக, வண்டி நிற்காது. போகிற போக்கில் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி விரல் காட்டுவான். அவனை விட்டு மீதி எத்தனை பேரோ அத்தனை விரல். நான் எழுதிக்கொள்வேன். இதை யார் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் போனபோதே அப்படித்தான் இருந்தது.

அந்த இடத்தின் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். உச்சிப்பொழுது தாண்டியதும் காற்று நின்றுவிடும். வெள்ளைத் துணி போர்த்திப் படுக்கவைத்த மாதிரி உப்புக் குவியல்கள். அதற்கு மேலே கானல். கடல் பக்கத்திலிருந்து வரும் வண்டி முதலில் தலைகீழாகத் தெரியும். பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வண்டி தெரியும். கிட்டே வந்ததும்தான் ஒன்றாகும். ஒரு கோடை முழுக்க அதைப் பார்த்தவனுக்குத் தன் கண்மேல் இருக்கும் நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின கோடை. காலை பத்து மணி இருக்கும். முனுசாமி என்கிற டிரைவரின் வண்டி அபூர்வமாக எங்கள் மரத்தடியில் நின்றது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. உள்ளே விழுப்புரத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரர் ஒருவர், அவர் சம்சாரம், மைத்துனர். கூட, வீட்டு வேலைக்கு இருந்த ஒரு பெண். பதினேழு பதினெட்டு வயது, கிளிப்பச்சைப் புடவை. அவள்தான் இறங்கி வந்து எங்கள் பானையில் தண்ணீர் மொண்டாள்.

“சாமி, கடலு இன்னும் எம்மாம் தூரம்?” என்று என்னைக் கேட்டாள்.

“ரொம்ப இல்ல. ஏன், பார்த்ததில்லையா?”

“இல்ல சாமி. எங்க ஆயா பாத்துக்கிதாம். பனமலை ஏரி மாரி பத்து ஏரி இருக்கும்னு சொல்லுச்சு.”

வண்டிக்குள்ளிருந்து, “பச்சையம்மா, ஜல்தி வாடி” என்று அந்த அம்மாள் கூப்பிட்டாள். பெயர் எனக்குத் தெரிந்தது அப்படித்தான். வண்டி கிளம்பியது. நானே எண்ணினேன், நாலு பேர். அன்றைக்கு நான் என் கண்ணால் எண்ணி எழுதிய ஒரே எண் அது.

மூன்று மணி வாக்கில் அதே வண்டி கானலிலிருந்து வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். நான் எழுந்திருக்கக்கூட இல்லை. முனுசாமியின் கை வெளியே வந்தது. நாலு விரல். வண்டி வழக்கத்தைவிட வேகமாகப் போனது என்று பிறகு தோன்றியது. அப்போது தோன்றியதா என்று இன்றைக்குச் சொல்ல முடியவில்லை. நாலு என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு அம்மாள் மரத்தடிக்கு வந்தாள். கூலி வேலைக்காரி. ஓமந்தூருக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து நடந்தே வந்திருந்தாள். அஞ்சலை என்று பெயர். பச்சையம்மாவின் தாய்.

“மண்டிக்காரரு ஊட்டுல கேட்டேன் சாமி. அன்னைக்கே திரும்பி வர்றப்ப திண்டிவனம் கடத்தெருவுல எறங்கிக்கினாளாம். ஆத்தாவப் பாத்துட்டு வர்றேன்னு போனாளாம். எங்கூட்டுக்கு வரலியே சாமி. நெசமாலுமே திரும்பி வந்தாளா?”

நான் நோட்டைப் பிரித்தேன். போனது நாலு, வந்தது நாலு. என் கையெழுத்து.

“வந்துட்டாம்மா. இதோ எழுதியிருக்கு” என்றேன்.

அவள் முகத்தில் வந்த தெளிவை நான் மறக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள், அந்த வரியின்மேல் விரலை வைத்துத் தொட்டுப் பார்த்தாள். பிறகு திண்டிவனத்துப் பக்கம் விடுவிடென்று நடந்தாள்.

ஒரு வாரம் எங்கள் ஆட்கள் திண்டிவனத்தில் கிணறு கிணறாகத் தேடினார்கள். விழுப்புரம் ஜங்ஷனில் விசாரித்தார்கள். கடல் பக்கம் ஒருவரும் போகவில்லை. போக வேண்டிய அவசியமே இல்லை, நோட்டு இருக்கிறதே.

எட்டாம் நாள் முனுசாமியே என்னைத் தேடி வந்தான். வண்டியைப் பனந்தோப்புக்குள் ஒளித்து நிறுத்திவிட்டு, என்னைத் தனியாக அழைத்துப் போய்ப் பின்கதவைத் திறந்தான். சீட்டில் ஒரு கல் இருந்தது. ஒரு கையில் அடங்கும் கறுப்புக் கல்.

“இன்னாய்யா இது?”

“நாலாவது ஆளு சார்” என்றான். “வர்றப்ப மூணு பேருதான். அந்தப் பொண்ணுக்குக் குப்பத்துல சொந்தக்காரங்க இருக்காங்க, இருந்துட்டு வருவான்னு மண்டிக்காரரு சொல்லிட்டாரு. மூணு பேரா சவாரி ஏத்தக் கூடாது இல்ல சார்? அதான் கரையில ஒரு கல்ல எடுத்து வச்சிக்கினேன்.”

மூன்று பேராக ஒரு காரியத்துக்குக் கிளம்பக் கூடாது என்பதும், கிளம்பினால் ஒரு கல்லை எடுத்து நாலாவதாக வைத்துக்கொள்வதும் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது என் மடியிலும் ஒரு கல் இருந்தது. அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

“வச்சிக்கோ. அதுக்கு ஏன்யா நாலு விரல் காட்டினே?”

“கல்லயும் சேத்துத்தான் சார் காட்டணும். மூணுன்னு காட்டிட்டா அப்புறம் கல்லு எதுக்கு? எல்லா டிரைவரும் அப்பிடித்தான் பண்றோம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தோம்.”

இத்தனை காலமும் எத்தனை கற்களை மனிதர்கள் என்று எழுதினேனோ.

“போய்ச் சேந்ததும் கல்லக் கீழ போட்டுடணும் சார். அன்னைக்கு மறந்துட்டேன். அப்புறம் அவள இன்னும் காணம்னு கேள்விப்பட்டதுலர்ந்து என்னால தூக்க முடியல. நீங்க தூக்கிப் பாருங்க.”

தூக்கினேன். கனமெல்லாம் இல்லை. ஆனால் ஈரமாக இருந்தது. எட்டு நாள் சித்திரை வெயிலில் கிடந்த வண்டிக்குள் அந்தக் கல் மட்டும் ஈரமாக இருந்தது. கடல் உப்பு ஏறிய கல் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சட்டென்று கீழே போட்டுவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். விசாரணைக்கு வந்து இதைச் சொல் என்று அவனைக் கெஞ்சினேன். வந்தால் வாடகைக்கு ஓட்டியதை ஒத்துக்கொள்ள வேண்டும், வண்டி போய்விடும். அன்றைக்கே கிளியனூர் வழியாகப் பிரெஞ்சுக்காரரின் பாண்டிச்சேரி எல்லைக்குள் போய்விட்டான். அங்கே எங்கள் கை எட்டாது. நாங்கள் ஐந்து வருஷம் நிறுத்தாமல் விட்ட வண்டி, வேண்டிய அன்றைக்கு நிற்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். வண்டி எதுவும் வரவில்லை.

“நான் கண்ணாடி போட்டிருக்கலப்பா, நடேசப்பா. நீதான் பாத்தே. பாத்துதானே எழுதினே?” என்றார்.

“விரலைப் பார்த்தேன் சார்.”

“அப்ப மத்த நாள் எழுதினதெல்லாம்?” வலது சில்லு முடிந்து இடது சில்லுக்குப் போனார். “ஒரு வரி பொய்யின்னா நோட்டே பொய்யின்னு ஆயிடும்பா. அப்புறம் நீ வேலையில இருக்க முடியாது. எனக்கு ஒண்ணுமில்ல. நான் எதையும் பாக்கலியே.”

அவர் மிரட்டவில்லை. என்மேல் உண்மையான பரிவோடுதான் சொன்னார். அதுதான் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

விசாரணை விழுப்புரத்தில் நடந்தது. மேலதிகாரி என்னைக் கேட்டார். “அந்தப் பெண் திரும்பி வந்ததை நீ நேரில் பார்த்தாயா?” மண்டிக்காரர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். அஞ்சலை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

“பார்த்தேன்” என்றேன்.

“என்ன நிறப் புடவை?”

“பச்சை. கிளிப்பச்சை.”

வாசலில் அஞ்சலை, “ஆமா சாமி, அதான், அதேதான்” என்று உரக்கச் சொன்னாள். அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள். விசாரணை முடிந்தது. மண்டிக்காரர் போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் அப்போதே அந்த இடத்தில் செத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு அஞ்சலை வெள்ளி தவறாமல் மரத்தடிக்கு வரத் தொடங்கினாள். மகள் ஊர்ப்பக்கம் எங்கோ இருக்கிறாள், யாரோ வைத்திருக்கிறார்கள், என்றைக்காவது ஒருநாள் மறுபடி இந்த வழியாகக் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்பது அவள் எண்ணம். ரோட்டின் நடுவில் திண்டிவனத்தைப் பார்த்து நிற்பாள். அந்தப் பக்கத்திலிருந்து வரும் வண்டி அவளை இடித்துவிடாமல் இருக்க நின்றுதான் ஆக வேண்டும். நின்றதும் ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். கவர்ன்மெண்டு சம்பளம் வாங்கி நாங்கள் செய்யாத வேலையை அவள் செய்தாள். வண்டி நின்றுவிட்டதால் நாங்களும் லைசென்ஸ் கேட்க வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமைகளில் பிளஷர் வண்டிகள் குறைந்தன. பிறகு மற்ற நாட்களிலும் குறைந்தன.

குறைந்ததற்கு வேறு காரணமும் சொன்னார்கள். அவளைத் தாண்டிப் போனபின் வண்டியில் ஓர் ஆள் கூடுகிறது என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் திட்டி அனுப்பினேன். ஒருநாள் ஒருவன் கடலுக்குப் போகும்போது ஐந்து விரல் காட்டினான். இப்போதுதான் எனக்குப் புத்தி வந்திருந்ததே, நிறுத்தி, கதவைத் திறந்து எண்ணினேன். நாலு பேர். கல் எதுவும் இல்லை.

“எவன்யா அஞ்சாவது?”

அவன் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான். “எண்ணிட்டுதான சார் காட்டினேன்” என்றான். வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊருக்கே போய்விட்டான்.

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பெட்ரோலுக்குப் பதிலாக முதுகில் கரிவாயு டப்பாவைச் சுமந்துகொண்டு எப்போதாவது ஒரு வண்டி வரும். பங்களாக்களைப் பூட்டிவிட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனார். அஞ்சலை மட்டும் வெள்ளிதோறும் வந்தாள். வந்தால் முதலில் என்னிடம்தான் வருவாள். “எப்பிடி சாமி உக்காந்துக்கினு இருந்தா? எந்தப் பக்கம்? சிரிச்சாளா?” என்று கேட்பாள். நான் சொல்வேன். பின்சீட்டில், இடது பக்கம், ஜன்னலோரமாக. சிரித்த மாதிரிதான் இருந்தது.

இதிலேதான் எனக்குப் பயம் பிடித்தது. சொல்லிச் சொல்லி அந்தக் காட்சி எனக்கு வந்துவிட்டது. கானலிலிருந்து வண்டி வருகிறது. நாலு விரல். பின்சீட்டில் இடது பக்கம் கிளிப்பச்சைப் புடவை. தலைமயிர் நனைந்து கன்னத்தில் ஒட்டியிருக்கிறது. என்னையே பார்த்துக்கொண்டு போகிறாள். நனைந்த தலையை நான் யாரிடமும் சொல்லவில்லை, அஞ்சலையும் கேட்கவில்லை. அது தானாக வந்தது. பட்டப்பகலில், சோறு தின்னும்போது, பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும்போது வந்தது. இன்னும் ஒரு வருஷம் போனால் நான் அவளைப் பார்த்தேன் என்று நானே நம்பிவிடுவேன் என்று தெரிந்தது. அப்புறம் உண்மை தெரிந்தவன் என்று இந்தப் பக்கத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

மூன்றாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சொல்லிவிட்டேன். உட்காரச் சொல்லி, பானையிலிருந்து தண்ணீர் கொடுத்து, விரலையும் கல்லையும் சொன்னேன். நான் பார்க்கவே இல்லை என்று சொன்னேன்.

“பச்சப் பொடவ?” என்றாள்.

“போகும்போது பார்த்தது. திரும்பி வரும்போது இல்லம்மா.”

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து கடல் பக்கம் நடந்தாள். தலைப்பாகையை மரத்தடியில் வைத்துவிட்டு நானும் பின்னால் போனேன். வழி முழுக்க அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

குப்பத்தில் வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை.

“பச்சப் பொடவ கட்டின பொண்ணுதான? யுத்தம் வர்றதுக்கு முந்தின கோடையில. ரெண்டு நாள் கயிச்சி ஒதுங்குச்சு. நாங்க போயி மணியக்காரருகிட்ட சொன்னோம். அவுரு ஆள வுட்டு ஸ்டேசன்ல கேட்டாரு. கடலுக்கு வந்தவங்க எல்லாம் திரும்பிட்டாங்க, போலீஸ் நோட்டுல எழுதிக்கிது, இது வேற எங்கியோ கடல்ல வந்த பொணம், பொதச்சிடுங்கன்னு சொல்லிட்டாங்க.” அவர் சவுக்குத் தோப்பின் ஓரத்தைக் கையால் காட்டினார். “எங்க பொண்ணுங்கதான் குளிப்பாட்டி, மஞ்ச வச்சி அனுப்பிச்சிதுங்க. யாராச்சும் கேட்டுக்கினு வருவாங்கன்னு ரொம்ப நாளு பாத்தோம். ஒருத்தரும் வரல.”

தோப்பின் ஓரத்தில் மணல் சமமாக இருந்தது. அங்கே ஒன்றும் தெரியவில்லை. அஞ்சலை அந்த மணலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் அதன்மேல் விரித்து வைத்தாள். அழவில்லை. என்னிடம் இல்லை, யாரிடமும் இல்லை, சாதாரணக் குரலில் சொன்னாள்.

“மூணு வருசமா கடலுக்கு முதுவக் காட்டிக்கினு நின்னுட்டேனேடி.”